வெண்மையும் நன்மையும்

ஆடுதொடா என்பது ஒரு செடியின் பெயர். வேலியோரங்களில் அது பச்சைப் பசேலென்று தழைத்து நிற்கும். வேறு பல தழைகளை விரும்பி மேயும் ஆடு அதனைத் தீண்டாமல் செல்லும். இன்னது உண்ணத்தக்கது, இன்னது தகாதது என்று ஆட்டுக்கு ஒருவரும் கற்பிக்கவில்லை. இயற்கையே அதற்கு ஆசானாக உள்ளது. மனிதனிடமோ அவ்வியல்பூக்கம் மிகக் குறைவு. கண்ணுக்கு அழகியதை அவன் நன்று என்கின்றான்; நாவுக்கு இனியதை நாடி உண்கின்றான்; நாள்தோறும் உண்டு பழகியதைப் பற்றி ஆராய்வதே இல்லை. கண், நா, பழக்கம் ஆகிய மூன்றும் அவனுக்கு வழிகாட்டிகளாக உள்ளன. இவை சில வேளைகளில் அவனை நல்வழியில் செலுத்தும். சில வேளைகளில் படுகுழியில் தள்ளும். இம்மூன்றுக்கும் மேலாக அறிவு நின்று ஆராய்ந்தால்தான் உணவு உடலுக்கு உறுதி பயக்கும். இவ்வுண்மையை விளக்க அரிய சான்று எதுவும் வேண்டுவதில்லை. சோற்றுப் பானையில் இடும் அரிசியின் வரலாறே போதும்.

நெல்மணியை உமி மூடியுள்ளது. உமியை நீக்கினால், பழுப்பு நிறமோ செந்நிறமோ உடைய மெல்லிய தோல் தோன்றும். அதுவே தவிட்டுப் படலம். மணியின் ஒரு முனையில் சிறிய முளை உள்ளது. உள்ளே வெண்மையாகக் காணப்படும் பெரும்பகுதி மாச்சத்தாகும். தவிடும் முளையும் அளவில் சிறியவை. ஆயினும் உயிர்ச்சத்துகளும் தாதுப்பொருள்களும் பெரும்பாலும் அவற்றிலேயே தங்கியுள்ளன. முற்காலத்தில் நெல்லை உரலில் இட்டு உலக்கையால் குத்தினர். அவ்வாறு குத்தும்போது உமி நீங்கும். தவிடு ஓரளவே நீங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், நீராவியால் இயங்கும் அரிசி ஆலைகள் ஆசிய நாடுகளில் பெருகின. அவை தவிட்டையும் முளையையும் போக்கி, அரிசியை முத்துப்போல் தீட்டி வெளுப்பாக்கின. கண்டோர் மகிழ்ந்தனர். வெள்ளை அரிசி உண்பது செல்வத்தின் அடையாளமாயிற்று. அவ்வெண்மைக்குக் கொடுத்த விலை இன்னது என்பதை உலகம் பின்னரே அறிந்தது.

அவ்விலை பெரிபெரி என்னும் நோய். இந்நோய் கண்டவரின் கால்கள் மரத்துப் போகும்; நடை தளரும்; சிலருக்கு உடல் வீங்கும்; நெஞ்சு படபடக்கும்; இறுதியில் இதயம் சோர்ந்து உயிர் பிரியும். ஜப்பான் நாட்டில் இந்நோய் நெடுங்காலமாக இருந்து வந்தது. இக்காலத்தில் டோக்கியோ என வழங்கும் நகரத்துக்கு அந்நாளில் எடோ என்பது பெயர். சிற்றூர்களிலிருந்து எடோவுக்குச் சென்றவர்கள் அங்கே வெள்ளை அரிசி உண்டனர், நோயுற்றனர். தம் ஊர் திரும்பிப் பழைய உணவை உண்டபோது நலம் பெற்றனர். ஆதலின் மக்கள் அதனை எடோ நோய் என்றே அழைத்தனர். நோயின் இடத்தை அறிந்தார்களேயன்றி அதன் காரணத்தை அறிந்தாரிலர்.

ஜப்பானியக் கடற்படையில் தகாகி கனேகிரோ என்னும் மருத்துவர் பணியாற்றினார். 1882-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு பயிற்சிக் கப்பல் நெடும்பயணம் புறப்பட்டது. அதிற்சென்ற 376 பேருள் 169 பேர் பெரிபெரியால் வருந்தினர். 25 பேர் மாண்டனர். 1884-இல் மற்றொரு கப்பல் அதே வழியில் சென்றது. தகாகியின் வேண்டுகோளின்படி அக்கப்பலில் வெறும் சோற்றைக் குறைத்து, இறைச்சி, பால் முதலியவற்றைச் சேர்த்து வழங்கினர். இம்முறை நோயுற்றோர் 14 பேரே, இறந்தவர் ஒருவருமிலர். புரதக் குறைவே நோய்க்குக் காரணம் என்று தகாகி கருதினார். அக்கருத்து முற்றிலும் சரியன்று. எனினும், உணவு மாறினால் நோய் நீங்கும் என்பதை அவர் ஐயமற நிறுவினார். தரைப்படையின் மருத்துவர்களோ அதனை ஏற்கவில்லை. வீரர்களுக்கு வெண்சோறு வழங்குவதே சிறப்பு என்னும் எண்ணமும் அங்கு வேரூன்றியிருந்தது. அதன் பயனாக 1904, 1905-ஆம் ஆண்டுகளில் ரஷ்யாவோடு நிகழ்ந்த போரில், பகைவரின் குண்டுக்குத் தப்பிய வீரர் பல்லாயிரவர் பெரிபெரிக்கு இரையாயினர்.

ஜப்பானில் உணவை மாற்றி நோயைத் தடுத்தனர். ஆனால், உணவில் குறைந்தது யாது என்பது விளங்கவில்லை. அதற்கு வழி காட்டியவை ஜாவாத் தீவின் கோழிகள். இக்காலத்தில் ஜகார்த்தா எனப்படும் பட்டாவியா நகரில் ஐக்மன் என்னும் டச்சு மருத்துவர் பெரிபெரியைப் பற்றி ஆராய்ந்து வந்தார். ஒருகால் அவருடைய ஆய்வுக்கூடத்துக் கோழிகள் கால் தளர்ந்து விழத் தொடங்கின. சில மாதங்களுக்குப்பின் அவை தாமாகவே தேறின. இது யாது காரணத்தால் நிகழ்ந்தது என்று அவர் உசாவினார். படைவீரர் மருத்துவமனையில் மிஞ்சிய வெண்சோற்றைக் கோழிகளுக்கு இட்டு வந்த காலத்தில் அவை நோயுற்றன என்பதும், புதிதாக வந்த சமையற்காரர் அச்சோற்றைத் தர மறுத்ததால், தீட்டாத அரிசியை இட்ட காலத்தில் அவை நலமடைந்தன என்பதும் தெரிய வந்தன. பின்னர் வோர்டர்மன் என்பவர் ஜாவாவில் நூற்றுக்கு மேற்பட்ட சிறைச்சாலைகளை ஆராய்ந்தார். தீட்டிய வெள்ளரிசி வழங்கிய சிறைகளில் 39 பேருக்கு ஒருவர் வீதம் பெரிபெரியால் வருந்தினர். தீட்டாத அரிசி வழங்கிய சிறைகளில் 10,000 பேருக்கு ஒருவர்கூட இல்லை எனலாம். அச்சிறைவாசிகள் தம் உணவைத் தாமே தெரிந்தெடுத்தவர் அல்லர். இட்டதை உண்டனர், இட்டவரின் அறியாமைக்காகத் துன்புற்றனர்.

அடுத்து நிகழ்ந்தது தமிழர் வாழ்வோடு தொடர்புடையது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயா நாட்டின் தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் தமிழரும் சீனரும் பெருந்தொகையினராக உழைத்து வந்தனர். சீனத் தொழிலாளரிடையே பெரிபெரி பெருகி ஆயிரக்கணக்கானோரை மாய்த்தது. அதே நாட்டில், அதே வெயிலிலும் மழையிலும் உழைத்த தமிழரை அந்நோய் பெரும்பாலும் அணுகவில்லை. இவ்வேறுபாட்டைக் கண்ட மருத்துவர்கள் வியந்தனர். சீனர் உண்டது தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கல் அரிசி. கோலாலம்பூரில் இருந்த மனநோய் மருத்துவமனையில் பிளெட்சர் என்னும் மருத்துவர், நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்குப் பச்சரிசிச் சோறும் மற்றொரு பிரிவினர்க்குப் புழுங்கலரிசிச் சோறும் ஓராண்டுக் காலம் அளித்தார். பச்சரிசி உண்ட பிரிவில் 18 பேர் பெரிபெரியால் மாண்டனர்; புழுங்கலரிசி உண்ட பிரிவில் அந்நோயால் ஒருவரும் மாண்டிலர். 1907-இல் அவர் தம் முடிவை வெளியிட்டார்.

புழுங்கல் அரிசிக்கு இவ்வாற்றல் எவ்வாறு வந்தது? நெல்லை நீரில் ஊறவைத்து, உமியோடு அவித்து, உலர்த்திய பின்னரே குத்துவர். அவிக்கும்போது, தவிட்டில் உள்ள உயிர்ச்சத்தின் ஒரு பகுதி மணியின் உள்ளே ஊறிச் சென்று படிந்துவிடுகிறது. பின்னர் ஆலையிலிட்டுத் தீட்டினாலும் அது முழுவதும் நீங்குவதில்லை. அவ்வுயிர்ச்சத்தே தயாமின் எனவும் பி1 எனவும் வழங்குவது. 1912-இல் காசிமிர் பங்க் என்னும் அறிஞர் இத்தகைய பொருள்களுக்கு வைட்டமின் என்று பெயரிட்டார். 1926-இல் ஜாவாவிலேயே அரிசித் தவிட்டிலிருந்து தயாமினைத் தனியே பிரித்தெடுத்தனர். உயிர்ச்சத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1929-இல் ஐக்மனுக்கும் இங்கிலாந்து நாட்டு ஹாப்கின்ஸ் என்பவருக்கும் நோபெல் பரிசு வழங்கினர். மனிதனுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய தயாமின் ஒன்றிரண்டு மில்லிகிராம் அளவே. அச்சிற்றளவு இன்மையால் பெரும்படைகள் தளர்ந்தன.

ஈண்டு ஆழ்ந்து எண்ணத்தக்க செய்தி ஒன்று உண்டு. மலாயாவில் இருந்த தமிழர் தயாமினைப் பற்றி அறிந்து புழுங்கல் அரிசியைத் தெரிந்தெடுக்கவில்லை. நெல்லை அவித்தால் உமி எளிதில் நீங்கும். அரிசி மிகுதியாக நொறுங்காது. இவ்வசதிகளுக்காகவே அம்முறை நிலைபெற்றது. அது அவர்தம் உயிரையும் காத்தது. ஆகவே அவர்களைக் காத்தது அறிவன்று, பழக்கம். சீனத் தொழிலாளரை வீழ்த்தியதும் பழக்கமே. அவர்தம் முன்னோரும் அரிசியே உண்டனர்; ஆனால், கையால் குத்தி உண்டனர். ஆலை வந்தது, அரிசி மாறியது, உண்ணும் பழக்கம் மட்டும் மாறாது நின்றது. பொருள் மாறாதிருக்கும் வரையில் பழக்கம் காவலாகும். பொருள் மாறியபின் அதே பழக்கம் பகையாகும். அம்மாற்றத்தைக் கண்டு எச்சரிக்க வல்லது அறிவு ஒன்றே.

“முன்னோர் உயிர்ச்சத்தை எண்ணிப் பார்த்தா உண்டனர்? அவர்கள் நன்றாக வாழவில்லையா?” என்று கேட்போர் உளர். அவர் கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால், முன்னோர் உண்ட அரிசி வேறு. இன்று உண்ணும் அரிசி வேறு. அவர்கள் கேழ்வரகு, கம்பு, சோளம், வரகு எனப் பல தானியங்களை மாற்றி மாற்றி உண்டனர். வடித்த கஞ்சியைக் கொட்டாமல் பருகினர். பகல் முழுதும் வயலில் உழைத்தனர். அவ்வுழைப்பும் இல்லை, அத்தானியங்களும் இல்லை, கஞ்சியும் இல்லை என்னும் நிலையில், மலைபோல் குவித்த சோறு மட்டும் தட்டில் எஞ்சி நிற்பதை முன்னோர் வழக்கம் என்று கூறுதல் பொருந்தாது.

பெரிபெரி இன்று அரிதாகிவிட்டது. ஆனால், வெண்மையை நன்மையெனக் கருதும் மயக்கம் அகலவில்லை. நன்றாகத் தீட்டிய அரிசி, தவிடு நீக்கிய மைதா மாவு, வெள்ளைச் சர்க்கரை ஆகியவை உணவில் மிகுந்துள்ளன. இவை விரைவில் குருதியில் சர்க்கரையின் அளவை உயர்த்துவன. உடலுழைப்புக் குறைந்தவர் இவற்றை மிகுதியாக உண்டால் நீரிழிவு நோய்க்கு இடம் உண்டாகும். இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு உடையவராக உள்ளனர் என்று 2023-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. மற்றொரு புறம், 2019 முதல் 2021 வரை நடத்திய தேசியக் குடும்பநல ஆய்வில், 15 முதல் 49 வயது வரையுள்ள மகளிருள் நூற்றுக்கு 57 பேர் குருதிச்சோகை உடையவர் எனத் தெரிந்தது. வயிறு நிறைந்தும் உடல் வாடுகின்ற நிலை இது.

ஒரு மயக்கத்தினின்று விடுபட்டவர் எதிர்ப்புறத்து மயக்கத்தில் வீழ்தலும் உண்டு. வெள்ளரிசி தீது என்று கேட்டவுடன், சிறுதானியமே எல்லா நோய்க்கும் மருந்து என்று சிலர் முழங்குகின்றனர். கேழ்வரகு நல்லதே. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேற்பட்ட சுண்ணாம்புச் சத்து உண்டு. அதே எடையுள்ள தீட்டிய அரிசியில் அது பத்து மில்லிகிராம் அளவே. ஆயினும் கேழ்வரகிலும் பெரும்பகுதி மாச்சத்தே. நீரிழிவு உடையவர் சோற்றை விட்டுக் களியை அளவின்றி உண்பாராயின் அவருக்கு நன்மை விளையாது. ஒன்றைக் கண்மூடி விரும்புதலும், மற்றொன்றைக் கண்மூடி வெறுத்தலும் அறியாமையின் இரு முகங்களே. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம், மருந்துகளின் பெயர்களை அடுக்காமல் உணவின் அளவையும் காலத்தையுமே வற்புறுத்துகின்றது. அதன் கருத்து இன்றும் பழுதுபடவில்லை.

எந்த உணவையும் தனியே நிறுத்தி நல்லது, தீயது என்று தீர்ப்பளித்தல் இயலாது என்பதற்கு நீலகிரி மலையில் நடந்த ஆராய்ச்சியும் சான்றாகும். குன்னூரில் 1918-இல் பெரிபெரியை ஆராய்வதற்கென ஒரே அறையில் ஓர் ஆய்வு தொடங்கியது. மக்காரிசன் என்னும் மருத்துவர் அதனை நடத்தினார். இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிகளுக்கு அளித்து அவர் சோதித்தார். கோதுமை ரொட்டியோடு பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி ஆகியவற்றை உண்ட எலிகள் நன்கு வளர்ந்தன. பெரும்பாலும் சோற்றையே உண்டு, பாலும் காய்கறியும் மிகக் குறைவாகப் பெற்ற எலிகள் மெலிந்தன. இதனைக் கண்டு, கோதுமை உயர்ந்தது, அரிசி தாழ்ந்தது என்று கூறுதல் பிழை. சோற்றுக்குத் துணையாக வருவன யாவை என்பதே வினா. பருப்பும், கீரையும், காயும், மோரும், விரும்புவோர்க்கு முட்டையும் மீனும் உடன்சேர்ந்தால் சோறும் சிறந்த உணவாகும். குன்னூரில் ஓர் அறையில் தொடங்கிய அவ்வாய்வு வளர்ந்து, பின்னர் ஐதராபாத்துக்கு மாறி, 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்னும் பெயரோடு விளங்குகின்றது.

இவ்வாராய்ச்சிகளால் பெறும் அறிவு அடுக்களையில் பயன்பட வேண்டும். அரிசியைப் பலமுறை தேய்த்துக் கழுவி, நிறைய நீர் விட்டு வேகவைத்து, கஞ்சியைக் கொட்டிவிடுவதால் உயிர்ச்சத்துகள் பல வீணாகின்றன. அளவான நீரில் வேகவைத்தால் அவை எஞ்சும். வடித்தாலும் கஞ்சியை உணவில் சேர்க்கலாம். உணவு உண்டவுடன் தேநீர் பருகினால், உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பது குறையும். நெல்லிக்காயோ எலுமிச்சையோ உடன் உண்டால் அது கூடும். இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு இல்லை. கொல்லையில் நிற்கும் முருங்கையின் கீரை, கடையில் மின்னும் பொட்டலத்தினும் பன்மடங்கு மேலானது என்பதை உணர்வதற்கும் செல்வம் வேண்டுவதில்லை.

பொட்டலங்களைப் பற்றி மாணவர் சிறப்பாக அறிந்துகொள்ளுதல் வேண்டும். பொட்டலத்தின் முன்புறத்தில் கோதுமைக் கதிரும் பழமும் வண்ணப்படங்களாக விளங்கும். பின்புறத்தில் சிறிய எழுத்தில் உட்பொருள்களின் பட்டியல் இருக்கும். அப்பட்டியலில் எடை மிகுந்த பொருளை முதலிலும் குறைந்ததை இறுதியிலும் எழுதுதல் வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. முன்புறத்தில் கோதுமை எனக் கூறும் பிஸ்கட்டின் பட்டியலில் மைதாவும் சர்க்கரையும் முதலில் நிற்குமாயின், எது உண்மை என்று ஆராய வேண்டியதில்லை. ஒருவர் ஒரு நாளைக்கு உண்ணும் உப்பு 5 கிராமுக்குக் குறைவாக இருத்தல் நலம் என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகின்றது. பொட்டலத்தில் உள்ள உப்பும் அக்கணக்கில் சேரும். படம் கண்ணோடு பேசுகின்றது. பட்டியல் அறிவோடு பேசுகின்றது. விலைகொடுத்து வாங்குபவர் இரண்டாவதன் சொல்லையே கேட்டல் முறை.

இறுதியாக, உணவைத் தெரிந்தெடுத்தல் தனியொருவர் செயலன்று. குடும்பத்தில் ஒருவர் வாங்குகின்றார், ஒருவர் சமைக்கின்றார், அனைவரும் உண்கின்றனர். அனைவர்க்கும் இட்டபின், பானையில் எஞ்சியதை உண்ணும் தாயர் இந்நாட்டில் மிகப் பலர். பருப்பும் காயும் பிறர் தட்டுகளில் தீர்ந்துபோக, அவர்க்குச் சோறும் குழம்பின் நீருமே எஞ்சுகின்றன. மகளிரிடையே குருதிச்சோகை மிகுந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும். நல்லுணவு இன்னது என்று பள்ளியில் கற்ற மாணவர், வீட்டில் தாயும் தம்முடன் அமர்ந்து உண்ணுமாறு செய்யாராயின் அக்கல்வியால் முழுப்பயன் இல்லை.

ஜாவாவின் சிறைவாசிகளும், ஜப்பானின் படைவீரர்களும், மலாயாவின் நோயாளிகளும் தம் தட்டில் விழும் சோற்றைத் தெரிந்தெடுக்கும் உரிமை இல்லாதவர்கள். அவர்தம் துன்பத்தின் வாயிலாக உலகம் பெற்ற அறிவு இன்று பாடநூல்களில் உள்ளது. அவ்வறிவும் தெரிந்தெடுக்கும் உரிமையும் ஒருங்கே பெற்றவர், வெளுத்ததெல்லாம் பால் என்று இன்னும் நம்பியிருத்தல் தகாது. உண்பதற்கு முன், இஃது எத்தகைய பொருள், எவ்வளவு தேவை, எதனோடு உண்ணத்தக்கது என்னும் மூன்று வினாக்களை எழுப்புதல் கடினமன்று. அவ்வினாக்களை எழுப்பி, விடை தேர்ந்து உண்பவரே உணவை ஆள்பவர். ஏனையோர் உணவால் ஆளப்படுபவர்.